பன்னிரண்டு சொல், ஒரு எவர்சில்வர் தகடு: வாசகர் கேள்விகள்

கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்களை (போன் போனாலும் வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள், கடைவீதிப் பேச்சில் 'சீட் ப்ரேஸ்') எப்படிப் பத்திரப்படுத்துவது என்று மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். "இப்ப வாங்கலாமா?" என்று கேட்டவர்கள் பொறுத்தருள்க. ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டு, சொற்களை எங்கே வைப்பது என்று தவிப்பவர்களுக்கே இடம் போதவில்லை.

2024 அக்டோபர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பீரோவின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. 12 சொல் எழுதி வைத்த டைரியும் அதில்தான் இருந்தது. ஜெல் பேனா மை கரைந்து இரண்டு சொல் அறவே தெரியவில்லை. ஒன்று பாதி தெரிகிறது. வாலட் ஆப் மட்டும் போனில் இன்னும் திறக்கிறது. பணம் போய்விட்டதா?
- வாசகர், செல்லூர்

ஆப் திறக்கிறதல்லவா, அதனால் பிழைத்தீர்கள். பணம் பிளாக்செயின் என்னும் பொதுக் கணக்கேட்டில் அப்படியே இருக்கிறது. போனில் இருப்பது சாவி மட்டும். இன்றைக்கே ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போய், செக்யூரிட்டி பகுதியில் மீட்புச் சொற்களைக் காட்டும் இடத்தைத் திறந்து, 12 சொல்லையும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். அது முடியும்வரை ஆப்பை அழிப்பது, போனை ரீசெட் செய்வது, சர்வீஸுக்குக் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

ஆப் திறக்காமலே போயிருந்தாலும் உங்கள் நிலைமைக்கு வழி உண்டு. இந்தச் சொற்கள் எல்லாம் 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரே பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. 2013-இல் முன்மொழியப்பட்ட 'பிப்-39' என்ற முறை இது. இன்றைய வாலட்டுகளில் பெரும்பாலானவை இதையே பின்பற்றுகின்றன. பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. ஆகவே பாதி தெரிகிற சொல்லில் முதல் நான்கு எழுத்து தெரிந்தால் அது முழுச்சொல்லுக்குச் சமம். அறவே அழிந்த இரண்டு சொல்லுக்கு 2048 பெருக்கல் 2048, அதாவது 41,94,304 சேர்க்கைகள். கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருப்பதால் 16-இல் 15 பங்கு உடனே கழிந்துவிடும், மீதி 2,62,144. கம்ப்யூட்டருக்கு இது பெரிய வேலை இல்லை. மூன்று சொல் போனால் 859 கோடி சேர்க்கைகள். அதுவும் முடியும், பொறுமை வேண்டும். 'பிடிசி ரெகவர்' போன்ற திறந்த மூல நிரலை இணையத்தைத் துண்டித்த லேப்டாப்பில் ஓட்டித்தான் தேட வேண்டும். "சொற்களை இங்கே டைப் செய்யுங்கள், நாங்கள் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்கிற வலைத்தளத்திலோ டெலிகிராம் ஆசாமியிடமோ கொடுத்தால், கண்டுபிடிப்பார்கள், உங்களுக்குத்தான் தரமாட்டார்கள்.

மை விஷயத்துக்கு வருவோம். சாதாரண ஜெல் பேனா மை பெரும்பாலும் தண்ணீரில் ஊறும். பால்பாயின்ட் மை எண்ணெய் கலந்தது, ஓரளவு தாங்கும். பென்சில் கரி தண்ணீரிலும் கரையாது, வெளுக்கவும் செய்யாது, தேய்ந்துதான் அழியும். ஆனால் எந்த மை போட்டாலும் காகிதம் காகிதமே. நம் ஊரில் அதற்குக் கரையானும் ராமபாணப் பூச்சியும் உண்டு, போதாததற்குப் போகி உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது "பழைய டைரிதானே" என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடும் கைகளும் நம் வீட்டுக் கைகள்தான். லேமினேட் செய்வதும் தீர்வல்ல. ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணில் படும். தெர்மல் பேப்பரில் பிரிண்ட் எடுத்திருந்தால் லேமினேஷன் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும்.

எவர்சில்வர் தகட்டில் பொறித்து வைக்கச் சொல்கிறார்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறவரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாமா? அல்லது வீட்டில் இருக்கும் ஏதாவது தட்டின் அடியில் வெட்டலாமா?
- வாசகர், அவனியாபுரம்

பெயர் வெட்டுகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த 12 சொல் ஒரு நொடிகூட இன்னொருவர் கண்ணில் படக்கூடாது. அவர் வைத்திருக்கும் அதே மாதிரி கையடக்க மின்சாரப் பொறிப்பான் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாங்கி நீங்களே வெட்டுங்கள். சாப்பாட்டுத் தட்டின் அடியில் வேண்டவே வேண்டாம். பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம் மாற்றுகிறவர் தெருவில் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று என்ன நிச்சயம்?

பொறிப்பதைவிட பஞ்ச் வைத்து அடிப்பது ஆழமாக விழும். செய்முறை இது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, கேட் செய்கிற பட்டறையில் 304 ரகத் தகட்டின் வெட்டுத்துண்டு கேளுங்கள். 2 மி.மீ. கனம், 10 செ.மீ.க்கு 8 செ.மீ. இருந்தால் 12 சொல்லுக்குத் தாராளம். 24 சொல் என்றால் இரண்டு பக்கமும் அடிக்கலாம், அல்லது இரண்டு தகடு. அலுமினியம் அடிக்க மெத்தென்று இருக்கும், ஆனால் 660 டிகிரியில் உருகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக 1400 டிகிரி வேண்டும். வீடு தீப்பிடித்தால் அந்தச் சூட்டுக்குப் போகாது. ஓரங்களை அரம் வைத்துத் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

3 மி.மீ. எழுத்துப் பஞ்ச் ஒரு செட் (27 உருப்படி), எண் பஞ்ச் ஒரு செட் (9 உருப்படி) வாங்குங்கள். எண் செட்டில் ஒன்பது என்று தனியாக இருக்காது. ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் அதுதான் ஒன்பது. தகட்டில் மார்க்கரால் கோடு போட்டு, இரண்டு பத்தியாக, பத்திக்கு ஆறு வரி பிரித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் வைத்து அடித்தால் தகட்டுக்கு முன் டைல்ஸ் உடையும். மரப்பலகை மேல் வைத்தால் தகடு வளையும், எழுத்து பதியாது. கனமான இரும்புக் கட்டை உத்தமம். அது இல்லாவிட்டால் கொல்லையில் சும்மா கிடக்கும் அம்மிக்கல். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கிலோ சுத்தியலால் ஒரே போடு. பஞ்சை எடுத்துவிட்டு இரண்டாவது முறை வைத்து அடித்தால் எழுத்து இரட்டையாக விழும். வேண்டாத துண்டில் பத்து எழுத்து பழகிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் நான்கு எழுத்து போதும் என்பதால் 12 சொல்லுக்கு 48 எழுத்துதான். மூன்றெழுத்துச் சொல்லாக இருந்தால் நான்காம் இடத்தில் ஒரு சிறு கோடு. 'ஆக்ட்' என்பது தனிச்சொல். 'ஆக்டர்', 'ஆக்ஷன்' என்பவையும் பட்டியலில் உண்டு. கோடு இல்லாவிட்டால் நான்காவது எழுத்து அடிக்க மறந்ததா, சொல்லே அவ்வளவுதானா என்று பத்து வருடம் கழித்து முழிக்க வேண்டி வரும்.

பிழை வரும் இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு. பஞ்சைத் தலைகீழாகப் பிடித்தால் 'எம்' போய் 'டபிள்யூ' ஆகும். பக்கவாட்டில் திரும்பினால் 'என்' போய் 'இஸட்' ஆகும். அடி லேசாகச் சாய்ந்தால் 'ஈ'-யின் கீழ்க்கோடு விழாமல் 'எஃப்' ஆகும். நான்காவது பிழை எழுத்தில் இல்லை, வரிசையில். சில ஆப்கள் சொற்களை இடமிருந்து வலமாகக் காட்டும், சில மேலிருந்து கீழாக. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் எண்ணை அடித்தே ஆக வேண்டும். எண்ணில்லாமல் 12 சொல்லும் கலைந்துவிட்டால் 47,90,01,600 வரிசைகள், கம்ப்யூட்டர் தேடிவிடும். 24 சொல் கலைந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை.

தவறாக விழுந்த எழுத்தின் மேல் சரியானதை அடிக்காதீர்கள். குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் புதிதாக அடியுங்கள்.

மேலூர்ப் பக்கம் நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். கூட்டாக வாங்கிய பிட்காயின். 24 சொல்லை ஆளுக்கு எட்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒருத்தர் மட்டும் எடுத்துவிட முடியாதே, பாதுகாப்புதானே?
- வாசகர், மேலூர்

நிலத்தைப் பாகம் பிரித்தால் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் மிஞ்சும். சாவியைப் பாகம் பிரித்தால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. உங்கள் ஏற்பாட்டில் மூவரில் ஒருவர் வீட்டுக் காகிதம் தொலைந்தால் மூன்று பேருக்கும் போச்சு: எட்டுச் சொல்லைத் தேடுவது என்பது 2-இன் 80-ஆம் அடுக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரால் நடக்காத காரியம். ஆக, தொலைவதற்கு ஒரு வாய்ப்பு இருந்த இடத்தில் மூன்று வாய்ப்பு வைத்துவிட்டீர்கள்.

12 சொல்லை ஆறு ஆறாகப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். பாதி கிடைத்த திருடனுக்குப் பாதிக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். 12 சொல்லின் பலம் 2-இன் 128-ஆம் அடுக்கு. ஆறு தெரிந்துவிட்டால் மீதி 2-இன் 62-ஆம் அடுக்குதான். ஒவ்வொரு அடுக்கு குறையும்போதும் வேலை பாதியாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 66 அடுக்கு குறைந்திருப்பதைப் பாருங்கள்.

மூவர் கூட்டுக்கு இரண்டு நல்ல வழி இருக்கிறது. ஒன்று, 'மல்டிசிக்'. மூவருக்கும் தனித்தனி வாலட், தனித்தனி சொற்கள். மூன்றில் எந்த இருவர் கையெழுத்து போட்டாலும் பணம் நகரும். ஒருவருடையது தொலைந்தாலும் மற்ற இருவர் மீட்கலாம். அதில் பலரும் கோட்டைவிடுவது ஒன்று: சொற்கள் மட்டும் போதாது, மூன்று வாலட்டின் பொதுச் சாவிகளும் கொண்ட 'வாலட் டிஸ்கிரிப்டர்' என்ற ஃபைலின் நகல் மூன்று பேரிடமும் இருக்க வேண்டும். இருவருடைய சொற்கள் பத்திரமாக இருந்து மூன்றாமவரின் பொதுச் சாவி இல்லாமல் போனால், பணம் எந்த முகவரியில் இருக்கிறது என்று கட்டமைக்கவே முடியாது. அந்த ஃபைலை எவனாவது பார்த்தால் இருப்பு தெரியும், எடுக்க முடியாது. அதனால் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வைக்கலாம்.

இன்னொன்று 'ஷமீர்' முறை. ட்ரெஸர் என்னும் ஹார்டுவேர் வாலட் (சாவியை வைத்திருக்கும் தனிக் கருவி) 2019-இல் கொண்டுவந்தது. கருவியே மூன்று பங்கு தரும். பங்குக்கு 20 அல்லது 33 சொல். எந்த இரண்டு பங்கு சேர்ந்தாலும் திறக்கும். ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதன் சொற்பட்டியல் வேறு, 1024 சொல் கொண்டது. சாதாரண வாலட் இதை ஏற்காது. இரண்டில் எதுவானாலும் புதிய வாலட் உருவாக்கிப் பணத்தை அதற்கு மாற்றிய பிறகே பழைய எட்டு எட்டுக் காகிதத்தைக் கிழிக்க வேண்டும்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, கணக்கு நோட்டில் மளிகைச் சிட்டை மாதிரி வைத்திருக்கிறேன். பார்ப்பவருக்குப் புரியாது. இது நல்ல யோசனையா? தமிழிலேயே சொற்பட்டியல் இல்லையா?
- வாசகி, திருமங்கலம்

தமிழ்ப் பட்டியல் இல்லை. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்ச்சுகீசியம், சீனத்தில் இரண்டு வகை, இவ்வளவுதான். அவற்றிலும் பெரும்பாலான வாலட்டுகளில் ஆங்கிலம் மட்டுமே நம்பி வைக்கக்கூடியது.

உங்கள் யோசனையில் சிக்கல் நம் எழுத்திலேயே இருக்கிறது. 'கார்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு என்னும் கார்டு, காவல் என்னும் கார்டு, வண்டி என்னும் கார்ட் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. 'ரைட்' என்றால் சரி என்பதா, எழுது என்பதா, சவாரி என்னும் ரைடா? மூன்றும் உண்டு. அமைதி 'பீஸ்' உண்டு, துண்டு 'பீஸ்' உண்டு. ஜோடி 'பேர்' உண்டு, பேரிக்காய் 'பேர்' உண்டு. இந்த நான்கும் ஒரே வாலட்டில் வந்துவிட்டால் 36 சேர்க்கை. எழுதியவர் நீங்களே என்றால் உட்கார்ந்து பார்த்து எடுத்துவிடலாம். உங்கள் மகனோ மகளோ எடுக்க வேண்டி வந்தால்? திருடனுக்கு இது பெரிய தடை இல்லை, வாரிசுக்குப் பெரிய தடை.

சொல்லை மறைப்பதற்குச் செய்யும் சாமர்த்தியங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். தலைகீழாக எழுதுவது, ஒவ்வொரு இரண்டாவது சொல்லை மாற்றுவது, நடுவில் பொய்ச் சொல் செருகுவது எல்லாம் செய்தவருக்கே மூன்று வருடத்தில் மறக்கும். சொல்லை நேராக எழுதுங்கள். எழுதியதை வைக்கும் இடத்தில் கவனம் காட்டுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் காயின் வாங்கினேன். 12 சொல் எதுவுமே கொடுக்கவில்லையே?
- வாசகர், அலங்காநல்லூர்

கொடுக்க மாட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் கணக்கில் சாவி அவர்களிடம். உங்களிடம் இருப்பது பாஸ்வேர்டும் ஓடிபியும்தான். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் நடந்த 23 கோடி டாலர் திருட்டில் பணம் போட்டவர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தது இதனால்தான். சொந்த வாலட்டுக்கு மாற்றினால் அந்த ஆபத்து போகும். பதிலுக்கு இந்தப் பக்கத்தில் உள்ள கவலை எல்லாம் உங்களுடையதாகும்.

சொற்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தேன். இப்போது அழித்துவிட்டேன். இனிப் பயமில்லையே?
- வாசகர், வாடிப்பட்டி

அழித்தது உங்கள் கண்ணுக்கு மட்டும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டரில் ஒன்று, சாட் பேக்கப்பில் ஒன்று, வாட்ஸ்அப் வெப் திறந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று என்று எத்தனை நகல் என்று நீங்களே சொல்ல முடியாது. படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மால்வேர் கதை அல்ல: 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்திய 'ஸ்பார்க்கேட்', போன் கேலரியில் மீட்புச் சொற்கள் உள்ள படங்களைத் தேடி அனுப்பக்கூடியது. கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்த ஆப்களுக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது.

எனவே அந்த 12 சொல் கெட்டுப்போனதாகவே கொள்ளுங்கள். புதிய வாலட், புதிய சொற்கள். அவை காகிதத்திலும் தகட்டிலும் மட்டும். பழையதில் உள்ளதை எல்லாம் புதியதற்கு மாற்றுங்கள். நெட்வொர்க் கட்டணம் கொஞ்சம் ஆகும், ஆகட்டும். டிஜிலாக்கர், ஈமெயில் டிராஃப்ட், எக்ஸெல் ஷீட் பற்றிக் கேட்ட மற்றவர்களுக்கும் இதே பதில்.

25-ஆவது சொல் என்று ஒன்று போடலாமாமே? ஒரு குறளின் முதல் வரியைத் தமிழிலேயே போட நினைக்கிறேன்.
- ஆசிரியர், திருப்பரங்குன்றம்

அந்த 25-ஆவது சொல் பட்டியலில் இருந்து வருவதில்லை. நீங்களே வைக்கும் பாஸ்ஃப்ரேஸ். தகடு திருடு போனாலும் அது இல்லாமல் பணம் வராது, அதுவரை நல்லது. ஆனால் இதற்குத் 'தவறு' என்ற பதிலே கிடையாது. எதைப் போட்டாலும் ஒரு வாலட் திறக்கும். ஒரு எழுத்து, ஒரு இடைவெளி மாறினால் வேறொரு காலி வாலட் திறந்து, "இருப்பு 0" என்று காட்டும். பதறிப்போவீர்கள்.

தமிழ் எழுத்து வேண்டாம் என்பதற்குக் காரணம் 'கொ'. கம்ப்யூட்டரில் இதன் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிப்-39 விதிப்படி வாலட் இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் சரியாகச் செய்யாத ஒரு ஆப்பில் நீங்கள் மீட்கப் போனால் வேறு வாலட் திறக்கும். பல ஹார்டுவேர் கருவிகளில் தமிழ் விசைப்பலகையே கிடையாது.

குறளும் வேண்டாம். இருப்பவை 1330. உங்களுக்கு அது மனப்பாடம் என்பது ஊருக்கே தெரியும். அத்தனையையும் சோதிக்கக் கம்ப்யூட்டருக்கு நேரமே ஆகாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு ஆங்கிலச் சொற்களைச் சிறிய எழுத்தில், நடுவே ஒரே இடைவெளி விட்டு வையுங்கள். அதையும் எழுதி வைத்தே ஆக வேண்டும். தகடு இருக்கும் வீட்டில் வேண்டாம், வேறு வீட்டில்.

சில ஆயிரம் ரூபாய்க்கு இதெல்லாம் தேவையே இல்லை. திருடனைவிட ஞாபக மறதிதான் உங்களுக்கு அருகில் இருக்கிறது.

போன் உடைந்து, புதுப் போனில் வேறொரு வாலட் ஆப் போட்டு 12 சொல்லையும் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் பூஜ்யம் காட்டுகிறது!
- வாசகர், சோழவந்தான்

ஏற்றுக்கொண்டது என்றால் சொற்கள் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பணம் அநேகமாக அங்கேதான் இருக்கிறது. ஆப் வேறு அறையில் தேடுகிறது. முதலில் பழைய முகவரியை, யாருக்காவது அனுப்பிய செய்தியிலோ எக்ஸ்சேஞ்ச் வித்ட்ராயல் பதிவிலோ தேடி எடுத்து, பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயின் கணக்கை எவரும் பார்க்கும் வலைத்தளம்) போட்டுப் பாருங்கள். முகவரி மட்டும் போடுவதில் ஆபத்து இல்லை. இருப்பு அங்கே தெரிந்தால் கீழே உள்ளதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிட்காயின் என்றால், பழைய முகவரி 1-இல் தொடங்கியதா, 3-இல் தொடங்கியதா, 'பிசி1'-இல் தொடங்கியதா? ஒரே சொற்களிலிருந்து மூன்று வகை முகவரியும் வெவ்வேறு 'டெரிவேஷன் பாத்'தில் பிறக்கும்: முறையே 44, 49, 84 என்ற எண்ணில் தொடங்கும் பாத்கள். புது ஆப்பில் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். எத்தீரியம் வகை என்றால் இரண்டாவது, மூன்றாவது அக்கவுன்ட்டில் வைத்திருந்தீர்களா? மீட்கும்போது முதல் அக்கவுன்ட் மட்டும் வந்திருக்கலாம். 'ஆட் அக்கவுன்ட்' அழுத்தினால் வரிசையாக வரும். யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி ஓடும் டோக்கன்) என்றால் எந்த நெட்வொர்க்? ட்ரான் நெட்வொர்க்கில் இருப்பதை எத்தீரியம் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. பழைய ஆப் எலெக்ட்ரமாக இருந்தால் அதன் சொற்கள் தனி முறை. எலெக்ட்ரத்திலேயே மீட்க வேண்டும்.

ஒன்றுதான் உண்மையிலேயே கெட்ட செய்தி: மெட்டாமாஸ்க் போன்ற ஆப்பில் தனிச் சாவி கொடுத்து 'இம்போர்ட்' செய்த அக்கவுன்ட் அந்த 12 சொல்லுக்குள் அடங்காது. அதன் சாவியைத் தனியாக எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

இது நடக்காமல் இருக்க ஒரு ஒத்திகை போதும். புது வாலட்டில் முதலில் 500 ரூபாய் மதிப்புக்கு மட்டும் அனுப்புங்கள். முகவரியின் முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்தைக் குறித்துக்கொண்டு, வாலட்டை அழித்துவிட்டு, தகட்டை மட்டும் பார்த்து மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் பிறகு பெரிய தொகை. எந்த ஆப், எந்த வகை முகவரி, எத்தனை அக்கவுன்ட் என்பதையும் சொற்களோடு எழுதி வையுங்கள். ஹார்டுவேர் வாலட் கருவியில் ஏற்கெனவே பணம் இருக்கிறது, அழிக்கப் பயம் என்பவர்களுக்கு ட்ரெஸரில் 'செக் பேக்கப்', லெட்ஜரில் 'ரெகவரி செக்' உண்டு. அழிக்காமலே சொற்கள் சரியா என்று சொல்லும்.

'வாலட் கேஒய்சி அப்டேட்' என்று லிங்க் வந்தது. 12 சொல்லையும் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் ஆகிறது, பணம் இன்னும் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், போதுமா?
- வாசகர், உசிலம்பட்டி (இவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே)

போதாது. ஆப்பின் பாஸ்வேர்டு அந்தப் போனுக்கு மட்டும் பூட்டு. சொற்கள் கிடைத்தவன் தன் போனில் திறப்பான். வேறொரு போனில் புது வாலட் உருவாக்கி, புதுச் சொற்களை எழுதி, அதிக மதிப்புள்ளதை முதலில் மாற்றுங்கள். டோக்கன் மாற்ற எத்தீரியம் கட்டணம் வேண்டும். பழைய முகவரிக்கு எத்தீரியம் அனுப்பினால் வந்த நொடியில் உறிஞ்சும் நிரலைத் திருடர்கள் ஓடவிட்டிருப்பார்கள். அதனால் இருக்கிற எத்தீரியத்தை முதலில் காலி செய்துவிடாதீர்கள். பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள்.

லிங்க்கில்தான் வரும் என்றும் இல்லை. 2020-இல் லெட்ஜர் வாடிக்கையாளர்களின் வீட்டு முகவரிகள் கசிந்த பிறகு, சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே போய்ச் சேர்ந்தது, 24 சொல்லையும் இதில் போடுங்கள் என்ற கடிதத்தோடு.

என் வீட்டுக்காரர் எல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு ஏதாவது ஆனால் நான் எங்கே போய்க் கேட்பது?
- வாசகி, ஆரப்பாளையம்

கேட்க ஆபீஸ் எதுவும் இல்லை, அம்மா. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் சொற்கள் இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழைக் காட்டிப் பிட்காயினை எடுக்க முடியாது.

அவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள், தமிழில். அதில் சொற்கள் வேண்டாம். என்ன ஆப், எந்தக் கருவி, தகடு எந்த இடத்தில், பாஸ்ஃப்ரேஸ் இருந்தால் அது யாரிடம், எக்ஸ்சேஞ்ச் கணக்கு எந்த ஈமெயிலில், இவ்வளவு போதும். கடைசி வரியில், "உதவுகிறேன் என்று வருகிற யாரிடமும் சொற்களைப் படித்துக் காட்டாதே" என்று அவர் கையாலேயே எழுதட்டும். பதிவு செய்த உயிலிலும் சொற்களை எழுதக்கூடாது: எழுதியவர் காலமான பின் உயிலின் நகலை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பெறலாம்.

தகடு இரண்டு இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று பேங்க் லாக்கரில் அல்லது கிராமத்துப் பூர்வீக வீட்டில். அடுத்த தெருவில் இருக்கும் தங்கச்சி வீடு இரண்டாவது இடம் ஆகாது. வெள்ளம் வந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்துதான் வரும். லாக்கரை உங்கள் இருவர் பெயரிலும் வையுங்கள், அல்லது நாமினி போடுங்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் பேங்க் தரவேண்டிய இழப்பீடு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். அது தகட்டு விலைக்குத் தாராளம். தகட்டில் உள்ளதற்குக் கணக்கில்லை.

அதோடு, வருடத்துக்கு ஒரு நாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீங்களே அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பழைய போனில் வாலட்டைத் திறந்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அந்த வரியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் அந்தப் போனிலிருந்து வாலட்டை அழித்துவிடுங்கள்.

சொற்கள் தொலைந்து காயின் போய்விட்டது. அந்த நஷ்டத்தை மற்ற லாபத்தில் கழிக்க முடியுமா?
- வியாபாரி, மதுரை

முடியாது. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் செஸ்ஸும் உண்டு. வாங்கிய விலை தவிர வேறெதையும் கழிக்க விடமாட்டார்கள், ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில்கூட.

பழைய ஹார்டுவேர் வாலட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பெட்டிக்குள்ளேயே 24 சொல் அச்சடித்த சீட்டு, சுரண்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், ஒத்தக்கடை

சொற்களைக் கருவிதான் உங்கள் கண் முன்னால், அதன் திரையில் உருவாக்க வேண்டும். அச்சடித்து வருகிற சொற்கள் விற்பவரிடமும் இருக்கின்றன. நீங்கள் பணம் போடும் நாளுக்காக அவர் காத்திருப்பார்.